ஆட்டுப்பால் வாங்குகிற வீடு

அலுமாரி வாங்கப் போன என் கணவர் இரண்டு ஆடுகளோடு வீடு திரும்பினார்.

தேயிலை விலை விழுந்து, தோட்டத்துத் துரைமார் சிலர் மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குக் கப்பலேறிய காலம் அது. ஹந்தானைப் பக்கம் ஒரு பங்களாவில் சாமான்களை ஏலம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கண்ணாடி பதித்த அலுமாரி ஒன்றை எப்படியும் எடுத்துவிடுவதாக எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனார். நான் முன்னறையில் இருந்த கதிரைகளை நகர்த்தி, சுவரோரம் இடம் ஒதுக்கி, துடைத்துக்கூட வைத்துவிட்டேன். மத்தியானம் வாசலில் ஆடு கத்தியது.

“அலுமாரியைக் கடைக்காரன் ஒருத்தன் விலையை ஏத்தி விட்டு எடுத்துட்டான். இதுகளை ஒருத்தரும் கேக்கல. பாக்கப் பாவமா இருந்துச்சு” என்றார்.

“அந்தப் பாவத்துல என் சேலையை மடிச்சு வைக்க முடியுமா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. வாத்தியார் வேலையில் பிள்ளைகளுக்கு மட்டும்தான் பதில் தெரியும் போலிருக்கிறது.

ஆடுகள் அழகானவை என்பதை மட்டும் கோபத்திலும் ஒப்புக்கொண்டேன். வெள்ளை நிறம், தோளுக்குக் கீழே தொங்கும் காது, துரைசாணிக்கே உரிய நடை. பலா இலையைக் கொடுத்தால் முதலில் முகர்ந்து பார்த்து, பிறகு போனால் போகிறது என்று தின்னும். இரண்டும் கறவையில் இருந்தன. எங்கள் வீட்டில் இருவர்தான். காலையும் மாலையும் கறக்கிற பால் குசினியில் சட்டி சட்டியாக நின்றது. என் கணவர் முகம் சுளிக்காமல் இரண்டு வேளையும் குடித்தார். அலுமாரிக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய மனிதர் வேறு என்னதான் செய்வார்?

ஒரு மாதம் கழித்து, ஆடுகளுக்குத் துணை வேண்டும் என்று ஒரு கிடாயையும் பிடித்துக்கொண்டு வந்தார். அதற்கும் வாய் திறந்து திட்டிவிட்டு, இனி இந்தப் பாலை விற்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். கண்டி மாதிரி ஒரு பட்டணத்தில் பால் விற்பது என்ன பெரிய காரியம்? தேத்தண்ணி குடிக்காத மனிதர் இந்த மலையில் உண்டா?

முதலில் சந்தைப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கெலிஓயாவைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர். ஊரே அவரை நானா என்று கூப்பிடும், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். நல்ல மனிதர். என் பாலில் ஒரு தேத்தண்ணி ஆற்றி, தானே ஒரு வாய் குடித்து, சற்று நேரம் கூரையைப் பார்த்தபடி நின்றார்.

“தங்கச்சி, பால் நல்ல கட்டி. தண்ணி கலக்கல. அதுல குத்தம் செல்ல ஏலாது. ஆனா ஒரு வாசம் ஈக்கிது. ஆடு கட்டுற எடத்துல கிடாய் ஒண்டையும் கட்டி வெச்சீக்கிறீங்களா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சந்தையில் நின்றுகொண்டு என் கொட்டிலை எட்டிப் பார்த்தவர் போலப் பேசினார். அன்று மாலையே கிடாயைக் கொல்லையின் கீழ்க் கோடிக்கு விரட்டினேன். கறக்கும் முன் மடியைச் சுடுதண்ணீரில் துடைத்தேன், கறந்த கையோடு பாலைக் கொட்டிலை விட்டு வெளியே கொண்டுவந்தேன். நான்கே நாளில் வாடை போய்விட்டது. அந்த ஒரு பாடத்துக்காகவே நானாவுக்கு ஒரு வாரத்துப் பாலைச் சும்மா கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை, வியாபாரி ஆகிவிட்டேன் அல்லவா.

அடுத்த முறை நானா எனக்கு எதிரிலேயே நான்கு பேருக்கு ஆட்டுப்பால் தேத்தண்ணி கொடுத்தார். மூட்டை தூக்குகிறவர் ஒருவர், வண்டிக்காரர் ஒருவர், பெட்டிசன் எழுதுகிறவர் ஒருவர், சும்மா இருக்கிறவர் ஒருவர். நால்வரும் குடித்தார்கள். சும்மா இருக்கிறவர் இன்னொன்று கேட்டார். அப்போதுதான் நானா சிரித்துக்கொண்டே அது ஆட்டுப்பால் என்று சொன்னார். கேட்டவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். வண்டிக்காரர் வெளியே போய்க் காறித் துப்பினார். பெட்டிசன் எழுதுகிறவர் தனக்கு இருமல் இல்லை என்று எல்லோருக்கும் அறிவித்தார்.

“செல்லாம வித்தா ஓடும் தங்கச்சி. ஆனா நான் செல்லாம விக்க மாட்டேன். மனிசன் என்னத்தக் குடிக்கிறான்டு அவனுக்குத் தெரியணும்” என்று நானா கையை விரித்தார்.

இருமல் என்ற அந்தச் சொல் அங்கே எப்படி வந்தது என்பது எனக்குப் போகப் போகத்தான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் ஆட்டுப்பால் மருந்து. நெஞ்சில் சளி கட்டினால், குழந்தை தேறாவிட்டால், எல்லாவற்றுக்கும் மேலாகச் சயரோகம் என்று வாய்விட்டுச் சொல்லப் பயப்படும் அந்த வருத்தம் வந்தால், வெதமாத்தயா என்று நாங்கள் சொல்லும் சிங்கள வைத்தியர் முதலில் எழுதுவது ஆட்டுப்பால்தான். அவர் என்னைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆள் அனுப்பத் தொடங்கினார். இரண்டு மாதத்தில் ஏழெட்டு வீடுகள் சேர்ந்தன. நான் பூரித்துப் போனேன். பிறகுதான் என் வாடிக்கையின் லட்சணம் புரிந்தது. சுகமானவர்கள் மறுநாளே பாலை நிறுத்தினார்கள். சுகமாகாதவர்களும் ஒரு நாள் நிறுத்தினார்கள், அதைப் பற்றிப் பேசுவதற்கில்லை.

அதைவிட என்னைக் குடைந்தது அந்த வீடுகளின் ஒளிவுமறைவு. ஆட்டுப்பால் வாங்குகிற வீடு என்றால் உள்ளே நெஞ்சு வருத்தக்காரர் படுத்திருக்கிறார் என்று தெருவே முடிவு கட்டிவிடும். பெண் கொடுக்கமாட்டார்கள், எடுக்கமாட்டார்கள், பந்தியில் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். அதனால் எல்லா வீட்டிலும் பின்வாசல் வழியாகத்தான் வரச் சொன்னார்கள். ஒரு வீட்டம்மா போத்தலின்மேல் கீரைக்கட்டு வைத்துக் கொண்டுவரச் சொன்னாள். ஒரு முறை அந்தக் கீரையையும் எடுத்துக்கொண்டாள். கள்ளுக்கடைக்குப் போகிற மனிதன்கூட இவ்வளவு பதுங்கமாட்டான். எனக்கு ரோசம் வந்தது. நான் விற்பது பால்தானே, களவுச் சாமானா?

ருசிக்காக என்னிடம் வந்த முதல் ஆள் ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை. தபால் கந்தோரில் கிளாக்கராக வந்து, எங்கள் வீட்டுக்கு மேல் வளைவில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தான். ஆட்டின் சத்தம் கேட்டுத் தேடி வந்து, ஒரு கோப்பை குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

“ஓம் அக்கா, இதுதான் பால். இஞ்சை மற்ற ஆக்கள் விக்கிறது வெள்ளைத் தண்ணி. எங்கட வீட்டிலை விடியப்புறம் ஆட்டுப்பால் தேத்தண்ணி குடியாமல் ஒருத்தரும் படலை தாண்டமாட்டினம்.”

அவனை அப்படியே வைத்துப் பூப்போட்டுக் கும்பிடலாம் போலிருந்தது. ஆனால் பத்து நாளைக்குள் அவனுக்கு வீட்டுக்காரரோடு தகராறு. அறையில் ஆட்டுப்பால் போத்தலைக் கண்ட வீட்டுக்காரர், வைத்தியரிடம் நெஞ்சைக் காட்டிக் கடிதம் கொண்டுவா, இல்லையென்றால் அறையைக் காலி பண்ணு என்றாராம். பிள்ளை கடிதமும் கொண்டுவரவில்லை, காலியும் பண்ணவில்லை. கந்தோருக்குப் போகும் வழியில் என் குசினி வாசலில் நின்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போனான்.

இரண்டாவது ஆள் பக்கத்து வீட்டு மூத்த பெண். அவளைப் பற்றித்தான் இத்தனையும் எழுத வந்தேன். பத்தொன்பது வயது. என் கணவரின் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தாள், எங்கள் மாதா கோயிலில் பாட்டுக்கு முன் நிற்பாள். கறிவேப்பிலை கேட்டு வந்தவளுக்கு ஒரு நாள் சும்மா ஒரு தம்ளர் கொடுத்தேன். குடித்துவிட்டு, மேலுதட்டை நக்கிக்கொண்டு, “சின்னம்மா, இன்னும் கொஞ்சம் குடுங்களேன்” என்றாள். எனக்கு உயிரே வந்தது. நோயில்லை, நொடியில்லை, யாழ்ப்பாணமும் இல்லை. கண்டியில் பிறந்து வளர்ந்த பிள்ளை, ருசி என்று கேட்டுக் குடித்தாள்.

அன்றிலிருந்து தினமும் ஒரு போத்தல் அந்த வீட்டுக்கு. அவளுடைய அம்மாவும் பின்வாசலைத்தான் காட்டினாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. “அக்கா, உங்க மகளுக்கு என்ன வருத்தமா? நான் எதுக்குக் கள்ளன் மாதிரி வரணும்?” என்று கேட்டேன். அவள் அரை மனதோடு விட்டுக்கொடுத்தாள். நான் தூக்குவாளியை வீசி வீசி முன்வாசல் வழியாகப் போனேன். தெரு பார்க்கட்டும், நல்ல சுகத்தோடு இருக்கிறவர்களும் ஆட்டுப்பால் குடிக்கிறார்கள் என்று தெரியட்டும் என்பது என் எண்ணம். இந்த வாய்க்கும் இந்த வீம்புக்கும் கடவுள் எனக்குச் சரியான தண்டனை வைத்திருந்தார்.

கிறிஸ்மஸ் முடிந்த கையோடு அவளுக்குக் கம்பளையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அங்கே ஸ்டேசனில் சாமான் பகுதியில் கிளாக்கர். தகப்பன் இல்லை, தாயும் மகனும் மட்டும். பாடுவதைக் கோயில் திருநாளில் கேட்டுவிட்டு அவனே கேட்டு வந்த பெண். பெண்ணுக்கும் இஷ்டம். அந்த வீட்டில் இவளுக்குக் கீழே மூன்று பெண்கள் இருந்தார்கள். இவளுக்கு நல்லபடியாக ஒரு வழி பிறந்தால் மற்றவர்களுக்கும் பிறக்கும் என்று அவளுடைய அம்மா செபமாலையைக் கீழே வைக்காமல் இருந்தாள்.

பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை நான் சும்மா இருந்திருக்க வேண்டும். என் புத்தி கம்பளைக்கு ஓடியது. ரயில் வசதி உள்ள ஊர், சந்தையும் உண்டு, சுற்றிலும் தோட்டங்கள். அந்த ஊரில் ஒரு நல்ல குடும்பம் ஆட்டுப்பாலை ருசி பார்த்து, நாலு பேரிடம் சொன்னால் என்ன ஆகும்? அப்போதே எனக்குப் பத்து ஆடு நிற்பது கண்ணில் தெரிந்தது. பாலை ஏலக்காய் போட்டுக் காய்ச்சி, சீனி போட்டு, நல்ல கோப்பைகளில் ஊற்றி, தட்டில் வைத்துக்கொண்டு அந்த வீட்டு முன்னறைக்குள் நுழைந்தேன்.

“நம்ம பிள்ளை தினமும் குடிக்கிற ஆட்டுப்பால்! நீங்களும் ருசி பாருங்க!” என்று முழங்கிக்கொண்டே மாப்பிள்ளையின் தாய்க்கு ஒரு கோப்பையை நீட்டினேன்.

அந்த அம்மா கோப்பையை வாங்கினாள். வாயருகே கொண்டுபோனாள். குடிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. மகன் தாயின் பின்னால் போனான். வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்ததைப் பெண்ணும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

மூன்று நாள் கழித்து ஆள்மூலம் சொல் வந்தது: கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒரு வாரத்துக்குள் தெருவில் அந்தப் பெண்ணுக்கு நெஞ்சு வருத்தம் என்று பேச்சு. பாடும்போது நடுவில் மூச்சு விடுகிறாள் என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். மூச்சு விடாமல் பாடுகிறவர்களை அவள் எங்கே பார்த்தாளோ தெரியாது.

பெண்ணின் அம்மா என் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

“தங்கச்சி, உன் ஆடு என் மகள் வாழ்க்கையில வாய் வச்சிருச்சு. இனிமே எங்க வீட்டுக்குப் பாலும் வேணாம், நீயும் வேணாம்.”

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. இரவெல்லாம் புரண்டேன், காலையில் ஆடுகளைப் பார்த்தபோது அவற்றின்மீதும் கோபம் வந்தது, அவை பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருந்தன. என் கணவரிடம், “நீங்க அன்னைக்கு அலுமாரியை வாங்கியிருந்தா இதெல்லாம் வந்திருக்குமா?” என்று சண்டை பிடித்தேன். அவர் அதை ஏற்றுக்கொண்டார். அவர் அப்படித்தான், குற்றத்தை வாங்கி வைத்துக்கொள்வதற்கென்றே பிறந்தவர்.

செய்த வினையை நானே கழுவுவேன் என்று காலை ரயிலில் கம்பளைக்குப் போனேன். இது என் இரண்டாவது முட்டாள்தனம். அந்த அம்மா மரியாதையாகக் கதிரையை இழுத்துப் போட்டாள். தேத்தண்ணியும் தந்தாள். பால் இல்லாத வெறும் தேத்தண்ணி. வந்தவளுக்கு ஒரு சொட்டுப் பால் விட மனமில்லையே என்று நான் மனத்துக்குள் கறுவிக்கொண்டே, வந்த விஷயத்தைத் தொடங்கினேன்.

“அக்கா, அந்தப் பொண்ணு நெஞ்சுல ஒரு குறையும் இல்ல. நான் கோயில்ல சத்தியம் பண்ணுறேன்.”

“நான் நெஞ்சைப் பத்தி ஒண்ணுமே கேக்கலையே” என்றாள் அவள்.

“அந்த வீட்டுல வேற ஒருத்தருக்கும் இல்ல. அவங்க ஆச்சி, பாட்டன் ஒருத்தருக்கும் இருந்ததில்ல.”

“அதையும் நான் கேக்கல.”

கேட்காத கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே போனால் எப்படியிருக்கும்? நோயே இல்லாத வீட்டில் நான் ஒவ்வொரு அறையாக நோயைத் தேடிக் காட்டினதுபோல் ஆயிற்று. கடைசியில், “ருசிக்காகத்தான் அக்கா குடிக்கிறா” என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்கு, உலகத்தில் எவராவது ருசிக்காக அதைக் குடிப்பார்களா என்று அர்த்தம். எனக்கு அப்போது விளங்கியது அவ்வளவுதான்.

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். வாயால் சொல்லி நடக்கவில்லை, கண்ணால் காட்ட வேண்டும். நாங்கள் பாஸ்கு என்று சொல்லும் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் தொடங்கியிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஹந்தானைத் தோட்டத்து மலையில் சிலுவைப்பாதை நடக்கும். அடிவாரத்திலிருந்து உச்சிவரை தேயிலைக்கு நடுவே பதினான்கு மரச்சிலுவைகள், தலம் என்போம், ஒவ்வொன்றிலும் முழங்காலிட்டுச் செபம், ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் பாட்டு. ஆம்பிளைகளே மூச்சு வாங்குகிற ஏற்றம். கம்பளையிலிருந்தும் வருஷம் தவறாமல் ஆட்கள் வருவார்கள். அந்த ஏற்றம் முழுவதும் பாட்டுக்கு முன் நிற்பது நம் பெண்ணாக இருந்தால்? எங்கள் பங்குச் சுவாமியாரிடம் போய்க் கேட்டேன். காரணத்தைச் சொல்லாமல் கேட்டேன், அவரும் கேட்காமல் சம்மதித்தார்.

தாய் தடுத்த பிறகும் பள்ளிக்கூடம் போகிற வழியில் என் குசினிக்கு வந்து பால் குடித்துவிட்டுப் போகும் பெண்ணிடம் மட்டும் காரணத்தைச் சொன்னேன். “பாடுறேன் சின்னம்மா. ஆனா அவங்களுக்குக் காட்டுறதுக்காகப் பாடல. எப்பவும் பாடுற மாதிரித்தான் பாடுவேன்” என்றாள். “ஆமாம், அப்படியே பாடு, ஆனா கொஞ்சம் சத்தமா” என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை கம்பளைத் தாயும் மகனும் வந்தார்கள். என் நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் எனக்குத்தான் ஆட்டுப்பால் தேவைப்பட்டது. நான் கூட்டத்தில் நெருக்கி நெருக்கி அந்த அம்மாவின் பக்கத்தில் இடம்பிடித்தேன். பெண் சிலுவைக்குப் பின்னால் முதல் வரிசையில் நின்று பாட்டை எடுத்தாள். ஒரு தலம், இரண்டு தலம், நாலு தலம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் வீட்டு வாசல்களில் வந்து நின்றார்கள். ஆறாம் தலத்தில் கூட்டத்தில் பாதிப் பேரின் பதில் பாட்டு பெருமூச்சாகிவிட்டது. அவள் குரல் மட்டும் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. நெஞ்சு வருத்தம் என்று கதை கட்டியவள் ஓர் ஓரமாகத் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தவக்காலத்தில் சந்தோசப்படக்கூடாது என்பார்கள். எனக்கு இருந்த சந்தோசத்துக்கு ஒரு பாவசங்கீர்த்தனம் போதாது.

“கேட்டீங்களாக்கா?” என்று அந்த அம்மாவிடம் கிசுகிசுத்தேன்.

“கேக்குது” என்றாள். முகத்தில் ஒரு தெளிவும் இல்லை. ஒன்பதாம் தலம் தாண்டியதும் பாதையோர மதகுக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். மகன் திரும்பி வந்தான், போ போ என்று கையால் அனுப்பினாள். நான் போகவில்லை. கூட்டம் எங்களைத் தாண்டி மேலே போய், பாட்டு தூரமாகிவிட்டது.

“இன்னும் என்னக்கா சந்தேகம்?” என்று கேட்டேன். என் குரலில் கோபம் இருந்தது, மறைக்கவில்லை.

அவள் மேலே ஏறும் கூட்டத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

“எனக்கு ஒரு மக இருந்தா. இவனுக்கு மூத்தவ. காய்ச்சல்ல போயிட்டான்னு ஊருக்குச் சொன்னோம். காய்ச்சல் இல்ல. பத்து மாசம் அந்தப் பாலைத்தான் குடுத்தோம். மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிப்பா. கடைசி நாள் காலையிலயும் கொண்டுபோனேன். ‘போதும்மா, இந்த வாடை வேணாம்மா’ன்னு சொன்னா. நான் கேக்கல. வாயைத் திறந்து ஊத்தினேன். பிழைச்சிருவான்னு நினைச்சு ஊத்தினேன்.”

கையிலிருந்த செபமாலையை மடக்கி வைத்தேன்.

“அதுக்கப்புறம் எங்க வீட்டுக்குள்ள எந்தப் பாலும் வர்றதில்ல. உங்க பொண்ணு நெஞ்சு நல்லாத்தான் இருக்கு, அது எனக்கு அன்னைக்கே தெரியும். ஆனா அந்தப் பால் குடிக்கிற ஒரு பொண்ணை என் குசினியில வச்சுக்கிட்டு நான் எப்படி இருப்பேன், சொல்லுங்க.”

நான் அந்தக் கல்லிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை நாளும் வாடை, கிடாய், சீனி, ஏலக்காய் என்று எதையெல்லாமோ சரி பண்ணிக்கொண்டு அலைந்தவள் நான். என்மீதே எனக்கு வெட்கமாக இருந்தது. “விட்டுருவா அக்கா. நாளையிலிருந்து அந்தப் பாலை அவ தொட மாட்டா. நான் குடுக்கவும் மாட்டேன்” என்றேன். எனக்கு இருந்த இரண்டு நல்ல வாடிக்கையில் ஒன்றை நானே நிறுத்தினேன், அதில் எனக்கு வருத்தம் இருக்கவில்லை.

மேலே செபம் முடிந்து ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் முன்னால் பெண்தான் வந்தாள், எங்களைக் காணாமல் தேடி ஓடி வந்திருக்கிறாள். முகம் சிவந்து, முந்தானை ஒரு பக்கம் பறந்துகொண்டிருந்தது. “என்னம்மா, முடியலையா? தண்ணி கொண்டு வரட்டுமா?” என்று அந்த அம்மாவின் முன்னால் குந்திக்கொண்டாள்.

அந்த அம்மா அவளையே பார்த்தாள்.

“நோய் இல்லாட்டி அந்தப் பாலை ஏம்மா குடிக்கிற?”

நான் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினேன். இனிமேல் குடிக்கமாட்டேன் என்று சொல் என்று எனக்குத் தெரிந்த சைகையெல்லாம் செய்தேன். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டும் உள்ளதைச் சொன்னாள்.

“எனக்குப் பிடிக்கும்மா. ருசியா இருக்கும்.”

“ருசியாவா?”

“ஆமாம்மா. சூடா, கொஞ்சம் சீனி போட்டு. குடிச்சு முடிச்சதும் அடியில சீனி தங்கும் பாருங்க, அதை விரலால இப்படி வழிச்சு…” என்று உள்ளங்கையில் விரலை வழித்துக் காட்டி, வாயருகே கொண்டுபோனவள், பெரியவர்கள் முன்னால் என்ன செய்கிறோம் என்று நினைவு வந்து கையை மடியில் மறைத்துக்கொண்டாள்.

அந்த அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று. பெண் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். அந்த அம்மா மறைத்துவைத்த கையைத் தேடிப் பிடித்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

“பாஸ்கு கழியட்டும். நம்ம வீட்டுக்கு வந்திரு” என்றாள். “பாலை விட்டுறாத. என் குசினியில, என் முன்னால உக்காந்து குடி. ருசின்னு சொல்லிக் குடி. நான் பாத்துக்கிட்டு இருக்கணும்.”

மேலேயிருந்து அவள் மகன் இறங்கி வந்துகொண்டிருந்தான். நான் யாருக்கும் வெட்கப்படாமல் அந்தக் கல்லில் உட்கார்ந்தபடியே அழுதேன்.